மணிக்கட்டில் ஒரு கயிறு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். பல்வலியைத் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கை நடுக்கத்துக்குப் புது மாத்திரை கேட்கிறதா?

ஒரு நல்ல சேதி. நாணயச்சாலையில் சேர்ந்த இந்தப் பன்னிரண்டு வருஷமும் அடுத்தவர் வரைந்ததைத்தான் நான் செதுக்கிக்கொண்டிருந்தேன். முதல்முறையாக என் வரைபடத்தை எடுத்திருக்கிறார்கள். நூற்றாண்டு நினைவு நாணயம். ஒரு பக்கம் அரசு முத்திரை, மறுபக்கம் நம் பண்பாட்டுச் சின்னங்கள். குழுவினர் ஏழு சின்னங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். விளக்கு, கதிர், மத்தளம், படகு, தறி, மயில், குடம். நாணயத்தின் அகலமோ முப்பத்தெட்டு மில்லிமீட்டர். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி ஆளுக்கொரு சின்னத்துக்கு இடம் பிடித்தார்கள். மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் சக ஊழியர் ஏழையும் வரைந்து கொடுத்தார். பார்க்கப் பாத்திரக் கடை மாதிரி இருந்தது.

நான் ஒன்றுதான் வரைந்தேன். ஒரு விளக்கு. அதன் சுடருக்குக் காற்று படாமல் மறைக்கிற ஒரு கை. கதிரும் மத்தளமும் ஓரத்தில் சின்னதாக. குழுத் தலைவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது யார் கைப்பா?" என்றார். "எங்கம்மா கை சார்" என்றேன். மின்சாரம் போனால் அம்மா சமையலறையிலிருந்து விளக்கோடு வருவாளே, வலது கையைக் குழித்துச் சுடருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு. அந்தக் கைதான்.

நினைவிலிருந்து வரைந்தது படத்துக்குப் போதும். நாணயத்துக்கு அசல் வேண்டும். எலும்பு முறிவுப் பிரிவில் தினமும் பத்துப் பேருக்கு மாவுக்கட்டு போடுகிறவள் நீ. அம்மாவின் வலது கையை அப்படியே குழித்தபடி மாவில் எடுத்து, அந்தக் கூட்டை எனக்கு அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். கையில் எண்ணெய் தடவி, மாவு இறுகும்வரை இருபது நிமிஷம் அசையாமல் வைத்திருக்கச் சொல்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். பல்வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி. மூன்று நாளில் போகாவிட்டால் பிடுங்கிப் போடு. எனக்கு முதுகுவலி. அது என்னோடு பிறந்த மாதிரி ஆகிவிட்டது, நலம் விசாரிக்க வேண்டாம்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பாத்திரம் தேய்ச்ச கையைப் போயா காசுல போடுறான்? வேற கையே கிடைக்கலையாமா அவனுக்கு?" என்றாள் அம்மா. அப்புறம் நாள் முழுவதும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிவீட்டுக்காரி வந்தபோது தண்ணீர் கேட்கிற சாக்கில் சேதியைச் சொல்லிவிட்டாள்.

ஆனால் மாவு எப்படிக் கலக்குவது, எண்ணெய் எங்கே தடவுவது என்று எனக்கே பாடம் எடுக்கிறாயே, இருபது நிமிஷம் அசையாமல் இருப்பது எப்படி என்று அம்மாவுக்கு யார் சொல்லித் தருவது? தம்ளரில் ஊற்றினால் பாதிதான் வாய்க்குப் போகிறது. மீதி மடியில். இப்போதெல்லாம் நான்தான் ஊட்டுகிறேன். மாத்திரை கேட்கவில்லை.

நீயே வந்து எடுத்துக்கொள். பதினாலு மணி நேரப் பயணம்தானே. நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது. உன் ஊர்ப் பேருந்து சாயங்காலம் ஐந்தரைக்கு வரும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் ஐந்து மணிக்கு நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்கிறாள். ஆறு மணிக்கு மறுபடி திருப்பிப் போடுகிறேன். என் முதுகுவலிக்கு நீயும் ஒரு காரணம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உப்புத் தண்ணீரில் பல்வலி போய்விட்டது. உன் முதுகுக்கும் ஏதாவது பார்.

திட்டு. திட்டு வாங்க வேண்டியவன்தான். ஆனால் இந்த நேரத்தில் நான் இடத்தை விட்டு எழுந்தால் மேல்மாடிக்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார். உன் கடிதம் வருவதற்கு முன் நான் பல் மருத்துவரிடம் போன இரண்டு மணி நேரத்தில் அவர் தன் ஏழு சின்னங்களையும் தலைவர் மேஜையில் மறுபடி வைத்துவிட்டார். மார்ச் முதல் தேதி குழு கூடுகிறது. அன்றைக்குக் களிமண் மாதிரியில் கை சரியாக இருந்தால் நாணயம் என்னுடையது. இல்லாவிட்டால் குடமும் மயிலும்தான்.

அது முடிந்ததும் பதினைந்து நாள் விடுப்பு. அம்மாவுக்கு நானே ஊட்டுகிறேன். நாற்காலியை நானே திருப்பிப் போடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல். கையை மட்டும் எப்படியாவது எடுத்து அனுப்பு. இருபது நிமிஷம் முடியாது என்றால் பன்னிரண்டு போதும்.

உன் தம்பி


பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுந்து நடமாடுகிறேன். அம்மா படுத்துவிட்டாள். நலம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது.

போன ஞாயிற்றுக்கிழமை மாவு வைத்துப் பார்த்தேன். இறுகும்போது சூடு ஏறும் இல்லையா. "சுடுதுடி" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, உன் பிள்ளைக்குத்தானே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. கூட்டைப் பிரித்தால் உள்ளே ஆறு விரல் தெரிந்தது. "இதையே போட்டுக்கச் சொல்லு, ஆறு விரல் அம்மான்னு பேரு வரட்டும்" என்று சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. "அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக்கூடக் கொடுக்க முடியலையே" என்றாள்.

நான்கு நாளாகக் கஞ்சியும் இறங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி பெரிய டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டு, "பார்க்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடும்மா" என்றார். பதினெட்டு வருஷமாக அவர் மற்றவர்களிடம் இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நாணயம் கிடக்கட்டும். நீ வா. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கிளம்பு.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. படித்ததிலிருந்து மனது சரியில்லை.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் தூக்கித்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு ஒரு வாரம் என்றார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார். அம்மாவுக்கு அப்பாவை விடக் கெட்டி உடம்பு. மார்ச் முதல் தேதிக்கு இன்னும் இரண்டே வாரம். இரண்டாம் தேதி காலையில் நான் பேருந்தில் இருப்பேன். பயணச்சீட்டுகூட எடுத்துவிட்டேன்.

நினைவிலிருந்து ஒரு கை செய்து பார்த்தேன். பொம்மைக் கை மாதிரி இருக்கிறது. தலைவர் பார்த்துவிட்டு, "உங்கம்மா கைன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

இன்னொரு முறை முயற்சி செய், அக்கா. முன்கையைப் பலகை எதிலாவது சாய்த்து வை. கட்டி வைத்தாலும் சரி. இருபத்தாறாம் தேதிக்குள் கை மட்டும் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்புறம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். நான் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள்.

உன் தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கூட்டை இரண்டு துண்டாக எடுத்துப் பஞ்சு சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேருந்து நடத்துநரிடம் கொடுத்தாயிற்று. பெருவிரல் பக்கம் மெல்லியதாக இருக்கிறது, உடைக்காமல் எடு.

அரை மணி நேரம் வைத்திருந்தேன். கொஞ்சமும் அசையவில்லை. நீ கேட்டபடி வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் விடுப்பு சொல்லியிருக்கிறேன். பயணச்சீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். இனி அவசரம் இல்லை, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு வா.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

காலில் விழுந்து கும்பிட வேண்டும் உன்னை. அம்மாவையும். பெட்டியைப் பிரித்து, கூட்டில் மாவை ஊற்றி, மறுநாள் காலையில் உடைத்தேன். உள்ளே அம்மாவின் கை. ரேகை ஒவ்வொன்றும், கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பும்கூட இருந்தன. துளி நடுக்கம் இல்லை. அரை மணி நேரம் அசையாமல் வைத்திருந்தாள் என்றால் மாத்திரை கேட்க ஆரம்பித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நான் சொன்னேன் இல்லையா, டாக்டர் தூக்கித்தான் சொல்வார் என்று. உன் கடிதத்தில் அவசரம் இல்லை என்று பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

புறங்கையில் நரம்புகள் மட்டும் சரியாக விழவில்லை. மாவைக் கெட்டியாகக் கலந்துவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை, அந்த நரம்புகள் எனக்கு மனப்பாடம். நானே போட்டுவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை. மணிக்கட்டைச் சுற்றிப் பின்னல் போட்ட கயிறு மாதிரி ஒன்று பதிந்திருக்கிறது, வெளிப்பக்கம் ஒரு முடிச்சோடு. அம்மா புதிதாக ஏதாவது கட்டிக்கொண்டிருக்கிறாளா? எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் குழுவிலிருக்கும் பண்பாட்டுப் பேராசிரியர் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "இது காப்புக் கயிறு. விளக்கேற்றும் தாய்மார்கள் கட்டிக்கொள்வது. இதை எந்தச் சிற்பியும் இதுவரை கவனித்ததில்லை" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். முடிவில் கயிற்றை இன்னும் ஆழமாகச் செதுக்கச் சொல்லிக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. மேல்மாடிக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

நாணயம் அடிக்கிற அச்சு செய்யும் வேலை ஆரம்பித்துவிட்டது. நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விடுப்பை வெளியீட்டு விழாவுக்குப் பிறகு என்று மாற்றி வாங்கியிருக்கிறேன். அம்மாதான் தேறிவிட்டாளே. அவளுக்கு என் முத்தம். கயிற்றைப் பற்றி எழுது.

உன் தம்பி


மே 2

தம்பிக்கு,

உன் கடிதமும் அப்புறம் போட்ட மூன்று அஞ்சலட்டைகளும் வந்தன. உடனே எழுதவில்லை. இங்கே வேலை அதிகம். பள்ளி விடுமுறை, மரம் ஏறி விழுகிற பிள்ளைகள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலி என்று இப்போது ஒன்றும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்வதும் இல்லை. வாசல் பக்கம் நாற்காலி போடுகிற வேலையும் எனக்கு மிச்சம்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கயிற்றை எடுத்துவிடு. பேராசிரியரிடம் என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைச் செய். காரணம் கேட்காதே.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நாள் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும். அம்மாவுக்கு வலி இல்லை என்று எழுதியிருந்தாய். அதைவிட என்ன வேண்டும்?

கயிற்றை எடுக்கச் சொல்கிறாய். காலம் கடந்துவிட்டது. அச்சு உருக்கில் ஏறி, சூட்டில் பதமாகி, நாணயம் அடிக்க ஆரம்பித்தாயிற்று. விளக்கப் புத்தகமும் அச்சாகிவிட்டது. பேராசிரியர் எழுதியதைக் கேள்: "மணிக்கட்டில் காணப்படும் காப்புக் கயிறு, இல்லத்தின் சுடர் அணையாதிருக்கத் தாய் தன் ஆயுளையே ஈடாகக் கட்டுவதைக் குறிக்கும் தொன்மையான சின்னமாகும்." அம்மாவிடம் படித்துக் காட்டினால், "இதெல்லாம் எனக்கே தெரியாதேடா" என்பாள்.

ஜூன் முதல் தேதி விழா. அமைச்சர் வருகிறார். முதல் நாணயத்தை அந்தக் கைக்கு உரியவரிடமே கொடுக்க வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருக்கிறார். முன்வரிசையில் உங்கள் இருவருக்கும் நாற்காலி. அம்மாவைப் படுக்க வைத்தபடியே கூட்டிவர வண்டி அனுப்புகிறார்கள், கூடவே ஒரு நர்ஸ். முப்பத்தொன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும். அம்மாவுக்கு அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிவிடு.

மூன்று வருஷமாக நான் வராததற்கெல்லாம் சேர்த்து இது ஒரு பரிகாரம் என்று வைத்துக்கொள்.

உன் தம்பி


மே 20

தம்பிக்கு,

வண்டியை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு.

அம்மா பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி காலையில் பதினொரு மணிக்கு இறந்துவிட்டாள். நீ இதை உட்கார்ந்துகொண்டு படிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை இருபதாம் தேதி படித்துக் காட்டினேன். முழுவதும் படித்தேன், எதையும் விடவில்லை. கேட்டுவிட்டு, "அவன் இப்ப வரமாட்டான் போல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அசையாம வேணும்னா நான் போனதுக்கப்புறம் எடுத்துக்கோடி. அப்ப நடுங்காது. புள்ள ஏமாந்து போயிடக் கூடாது" என்றாள். அவளைத் திட்டினேன். மறுநாள் போய்விட்டாள்.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கும் சொல்வதற்கு முன்னால் கதவைச் சாத்தினேன். உள்ளங்கை குழிந்து நிற்க ஒரு தம்ளரைப் பிடிக்கக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதுகிறேன் பார். வைத்தேன். கை சாய்ந்து சாய்ந்து விழுந்தது. எலும்பு முறிந்தவர்களுக்கு வைக்கிற சிம்புக் கட்டையை முன்கையோடு சேர்த்து, மணிக்கட்டில் கட்டுத்துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். கட்டி வைத்தாலும் சரி என்று நீதானே எழுதியிருந்தாய். உன் பேராசிரியரின் தொன்மையான சின்னம் எங்கள் ஆஸ்பத்திரித் துணி. நரம்பு விழாததற்குக் காரணம் என் மாவு இல்லை.

மாவை வைக்கும்போது, "கொஞ்சம் சூடாகும், பயப்படாதீங்க" என்று சொன்னேன். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழக்கம். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

கையைக் கழுவித் துடைத்தேன். நகக்கண்ணில் கொஞ்சம் மாவு போகவில்லை. அதோடுதான் கொண்டுபோனார்கள். "தம்பிக்குத் தந்தி கொடுத்தாச்சாம்மா?" என்று மாடிவீட்டுக்காரர் கேட்டார். கொடுத்தாச்சு என்றேன். "வரலையா?" என்றார். வேலை என்றேன். தெருவே உன்னைத் திட்டியது. நான் தடுக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அம்மாவைக் கேட்டு எழுதவில்லை, கையைத்தான் கேட்டு எழுதினாய். கேட்டதை அனுப்பினேன்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. பதில் எழுதப் பதினைந்து நாள் ஆகியிருக்கிறது. உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அன்றைக்கே தலைவரிடம் போனேன். "சார், அது கயிறு இல்லை, கட்டுத்துணி. எங்கம்மா செத்த பிறகு எடுத்த கை" என்றேன். அவர் நல்ல மனிதர். எழுந்து வந்து தோளில் கை வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அப்புறம், "நாற்பதாயிரம் புத்தகம் அச்சடிச்சாச்சு. அமைச்சர் பேச்சும் அதை வச்சுத்தான் எழுதியிருக்கு. இனிமே அது கயிறுதான்பா" என்றார்.

நான் அன்று இரவே பேருந்து ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. விழாவுக்குப் போனேன். மேடை ஏறினேன். அமைச்சர், "அம்மா வரலையா?" என்று கேட்டார். "தூரம் சார், உடம்பு முடியலை" என்றேன். பேராசிரியர் கயிற்றைப் பற்றிப் பேசினார், கூட்டம் கைதட்டியது. அம்மாவுக்கான நாணயத்தை என் கையில் கொடுத்தார்கள். மேல்மாடிக்காரர் வந்து கட்டிப்பிடித்து வாழ்த்தினார். நானும் சிரித்தேன். உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை.

அக்கா, கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. மூன்று மாதம் அந்தக் கையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செத்த கை என்று எனக்குத் தெரியவில்லை. நரம்பு இல்லையே என்று உன்மேல் குற்றம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து நரம்பு போட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நீ செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் மூணு மாசம். நான் அம்மாவுக்கு முத்தம் என்று எழுதினேன், நீ அதைப் படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறாய். என்னைத் தண்டிக்கத்தான் செய்தாயா? அதை மட்டும் சொல்லிவிடு. நான் அங்கே வரலாமா, வந்தால் கதவைத் திறப்பாயா, அதையும் சொல்.

தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நேற்று ஒரு பெண்ணை மாவுக்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள், படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு கயிறு, வெளிப்பக்கம் முடிச்சு. வெட்டினால்தான் கட்டுப் போட முடியும். கத்தரிக்கோலை எடுத்ததும் அவள் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, "வெட்டாதீங்கம்மா, ஆயுசுக்கு நல்லது. காசுலயே போட்டிருக்கான் பாருங்க" என்றாள். நான் வெட்டினேன். அவள் என்னைச் சபித்துவிட்டுப் போனாள். இதற்கு மேல் அந்தக் கயிற்றைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். போன கடிதத்தில் ஒரு காரணம் எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை.

அன்று காலையில் பத்தே கால் மணி இருக்கும். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. "யாரு?" என்றாள். "நான்தாம்மா" என்றேன். "வந்துட்டியாடா" என்றாள். இல்லை, நான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஆமாம்மா, வந்துட்டேன்" என்றேன். என் கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் மாவு குழைத்த கை, ஆண்பிள்ளைக் கை மாதிரிதான் இருக்கும். நம்பிவிட்டாள்.

அப்புறம் அரை மணி நேரம் என் உள்ளங்கையை விடவே இல்லை. நடுங்கிக்கொண்டே தடவினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பதினொரு வருஷம் கூடவே இருந்தேன், குளிப்பாட்டினேன், தலை வாரினேன், ஊட்டினேன். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. சாகப் போகிறவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பொறாமைப்பட்டேன். தந்தி கொடுக்கப் பணம்கூட எடுத்து வைத்திருந்தேன். அவன்தான் வந்துவிட்டானே, இனித் தந்தி எதற்கு என்று தோன்றியது. அந்த வெறுப்பிலேயே மூணு மாசம் ஓடிவிட்டது. தண்டனையா என்று கேட்டாய். தண்டனைதான். ஆனால் உன் தப்புக்கு மட்டும் இல்லை.

வா. கதவு திறந்துதான் இருக்கும். நான் வேலைக்குப் போயிருந்தால் சாவி மாடிவீட்டில். தெருவில் யாராவது ஏதாவது சொன்னால் பேசாமல் கேட்டுக்கொள். தந்தி விஷயத்தை நானே அவர்களிடம் சொல்கிறேன்.

அம்மா கடைசியாகப் பேசியதை உனக்குச் சொல்லியாக வேண்டும். என் கையைத் தடவிக்கொண்டே, "கை ஏன்டா இப்படிக் காய்ச்சுப் போச்சு? அக்கா வந்ததும் சொல்லு, எண்ணெய் தேய்ச்சு விடுவா" என்றாள். அப்புறம் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அவ எங்கடா? காலையிலேர்ந்து காணோம். அவளைக் கூப்பிடுடா, எனக்கு அவ வேணும்" என்றாள். இரண்டு தரம் கூப்பிட்டாள். பக்கத்தில்தான் இருந்தேன். குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் நீ வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா